ஆத்துல தண்ணி வந்துருச்சா?

சித்திரை வெயிலில், ஆறு முழுக்க மணலாகக் கிடக்கிற நேரத்தில், ஒருவர் "ஆத்துல தண்ணி வந்துருச்சாய்யா?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் விசாரித்தால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? நான் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். கேட்டவர் காக்கிச் சட்டை போட்ட தலைமைக் காவலர். இடம், தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் காவல் நிலையம். கேட்கப்பட்டவர், டீ வாளியோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த டீக்கடைக்காரர்.

"எங்கங்க வருது! கல்லணைப் பக்கமே காஞ்சு கெடக்காம்," என்றார் டீக்கடைக்காரர், அதைவிடச் சத்தமாக.

"அப்ப ஆனியிலயாச்சும் அணையத் தொறப்பானா?" என்று உள் அறையிலிருந்து ரைட்டர் குரல் கொடுத்தார். வாசலில் காவலுக்குப் பாரா நின்றவர் தன் பங்குக்கு மாமனார் ஊர் வாய்க்காலைப் பற்றி ஏதோ கத்தினார். யாரோ டம்ளரைத் தட்டினார்கள். யாரோ பீரோவைத் திறந்து மூடினார்கள். நல்ல ரகளை.

நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. கையில் வாக்கி டாக்கி. அதை நாங்கள் மைக் என்றுதான் சொல்வோம். அதில் உட்கோட்ட அதிகாரி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தகவலைச் சொல்ல வேண்டிய நேரத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். "ஏம்மா, உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்? கோலம் போடப் போக வேண்டியதுதான?" என்பது வரைக்கும் என் காதில் விழுந்தது. அதற்கு மேல் சொன்னதெல்லாம் ஆற்றுத் தண்ணீரில் போய்விட்டது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் மும்முரமாக விவசாயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மைக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போனில் திட்டினால் திட்டுபவருக்கும் வாங்குபவருக்கும் மட்டும்தான் தெரியும். மைக்கில் திட்டினால் எல்லோருக்கும் கேட்கும். பக்கத்து ஸ்டேஷன்களுக்குக் கேட்கும், ரோந்து ஜீப்புக்குக் கேட்கும், முக்கூட்டு ரோட்டில் வெயிலில் நிற்கிற ஊர்க்காவல் படைப் பையனுக்கும் கேட்கும். நடுத்தெருவில் நிற்க வைத்துத் திட்டுவது மாதிரி. எங்கள் பேச்சில் இதற்கு 'விழுவது' என்று பெயர். "இன்னிக்குக் காலையிலேயே மைக்ல உனக்கு விழுந்துச்சாமே" என்பார்கள். இதற்கென்று தனியாக அதிகாரி யாரும் கெட்டவராகப் பிறந்து வர வேண்டியதில்லை. நாற்காலியே கற்றுக்கொடுத்துவிடும்.

அந்த ரகளையை ஆரம்பித்து வைத்தவரை ஏட்டய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருத்தமில்லாத பெரிய மீசை. கண்கள் மட்டும் எந்நேரமும் தூக்கத்துக்கு ஏங்கின. தூங்காத போலீஸ்காரருக்கு அது ஒன்றும் பெரிய அடையாளமில்லைதான். அவருக்கென்று தனியாக இருந்த அடையாளம் அவருடைய இடது கைக் கட்டைவிரல். எப்போதும் அது மைக்கின் சத்தக் குமிழின் மேல் இருக்கும்.

எதிர்முனையில் மைக்கை அமுக்கியதும் ஒரு கரகரப்பு வரும், பிறகு பேச்சு வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை வைத்தே, வருவது தகவலா, திட்டா என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். "கோவமா இருக்குறவங்க அமுக்கிட்டு மூச்ச இழுப்பாங்கம்மா. சாதாரணமா பேசுறவங்க இழுக்க மாட்டாங்க," என்பார். மூச்சு கேட்டதும் கட்டைவிரல் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைக்கும், வாய் ஆற்றைப் பற்றி விசாரிக்கும். யாருக்கு விழுந்தாலும் இதுதான். அவருக்குப் பிடிக்காதவருக்கு விழுந்தாலும் இதேதான். ஒருமுறை அவரைப் பற்றி மேலே போட்டுக்கொடுத்த ஒரு ஆளுக்கு விழுந்தபோது நாங்கள் எல்லோரும் ஆசையாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அன்றைக்கும் மனுஷன் விடவில்லை. ஐப்பசி மழையில் ஆறு கரை தொட்டு ஓடுகிறது, இவர் தண்ணி வந்துருச்சா என்று கேட்கிறார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், மைக்கில் யாருக்கோ விழுந்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டார். ஆளாளுக்கு மடை, வாய்க்கால், கல்லணை என்று கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து அசந்துபோய், "என்னய்யா இது, இந்த ஸ்டேஷன்ல எல்லாரும் வெவசாயியா?" என்றார்.

"ஆமாங்கய்யா. டெல்டாங்கய்யா," என்று ஏட்டய்யா விறைப்பாக சல்யூட் அடித்தார்.

ஒரு மாதம் போவதற்குள் அந்த இன்ஸ்பெக்டருக்கே மைக்கில் பலமாக விழுந்தது. அவர் அறைக் கதவு திறந்திருந்தது. ஏட்டய்யா வெளியிலிருந்து ஆற்றைப் பற்றிக் கேட்டார்.  அதற்குப் பிறகு அந்த இன்ஸ்பெக்டர் இவரை "ஏட்டு" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "வாங்க, போங்க" என்று பேச ஆரம்பித்தார். நல்ல மனுஷன்தான்.

மன அழுத்தத்தைக் குறைப்பதற்கு எங்களுக்கு ஒருமுறை வகுப்பு எடுத்தார்கள். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். வைத்தது எங்கள் வார ஓய்வு நாளில். தாமதமாக வந்தவர்களிடம் வாசலிலேயே விளக்கம் எழுதி வாங்கினார்கள். மன அழுத்தத்தைக் குறைக்க வந்த இடத்தில் மெமோ வாங்கிய பெருமை உலகத்திலேயே எங்களுக்குத்தான் இருக்கும். வகுப்பெடுக்க வந்தவர் கைத்தறிப் புடவை கட்டிய ஒரு இளம்பெண், பாவம், நல்ல மனசோடு வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார். மூடச் சொன்னதுதான் தாமதம், பாதி மண்டபம் தூங்கிவிட்டது. குறட்டை ஒலியில் அடுத்த பயிற்சியை அவரால் ஆரம்பிக்க முடியவில்லை.

எல்லோரையும் எழுப்பிவிட்டு, "கோபமோ வருத்தமோ வந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஏட்டய்யா எழுந்து நின்று, "ஆத்துல தண்ணி வந்துருச்சான்னு கேப்பேன் மேடம்," என்றார். எங்கள் ஸ்டேஷன் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டோம். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப அருமை! இயற்கையோட உங்களை இணைச்சுக்கறீங்க," என்று சொல்லிப் பலகையில் 'இயற்கை' என்று பெரிதாக எழுதினார்.

எழுதி முடிப்பதற்குள் மண்டபத்திலிருந்த மைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரகரத்தன. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு விழுந்தது. ஏன் தன் பாயிண்டில், அதாவது காவலுக்கு நிற்கச் சொன்ன இடத்தில், இல்லை என்று. அவர் வகுப்பில் இருக்கிறார் என்பதைக் கேட்கிற பொறுமை மைக்குக்கு இல்லை. "மாட்டுக்குப் பொறந்தவனே" என்று வந்தது. பலகைப் பக்கம் நின்ற பெண்ணின் கை அப்படியே நின்றுவிட்டது. ஏட்டய்யா நின்ற இடத்திலிருந்தே உரக்கக் கேட்டார். எங்கள் ஸ்டேஷன் பதில் சொன்னது. பிறகு மற்ற ஸ்டேஷன்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மண்டபமே தண்ணீரைப் பற்றிப் பேசியது.  அந்தப் பெண் திரும்பி, தான் எழுதியதை அழித்தார்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் முழுச் சம்மதம் எப்போதும் இருந்ததில்லை. ஒருநாள் ஜீப் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"எத்தன நாளைக்கு ஏட்டய்யா இப்படியே மூடி மூடி வைக்கிறது? ஒருத்தராச்சும் 'மரியாதையா பேசுங்கய்யா'ன்னு மைக்ல திருப்பிச் சொன்னா என்ன?"

"சொன்னவன் இப்ப கோடியக்கரையில உப்புக் காத்து வாங்கிட்டு இருக்கான்மா."

"அதுக்காக? நீங்க சத்தம் போடப் போட அவங்களுக்கு வசதியாத்தான போவுது?"

அவர் நட்டை முறுக்கிக்கொண்டே யோசித்தார். "திட்டுறது அவங்க வாய்ம்மா. அத நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஒருத்தன் திட்டு வாங்குறப்ப அவன் மொகத்த நாலு பேரு பாத்துட்டாங்கன்னு வையி, அப்பறம் அவன் அந்த நாலு பேரு கூட உக்காந்து எப்படி டீ குடிப்பான்? வீட்டுக்குப் போயி புள்ளய எப்படி தூக்குவான்?"

எனக்கு அது பதிலாகப் படவில்லை. இன்றைக்கும் பாதிதான் படுகிறது. ஏனென்றால் அந்தக் கேள்வி எல்லா இடத்திலும் எடுபட்டதும் இல்லை. ஒருமுறை தண்ணீர் பாய்ச்சும் முறையில் தகராறு என்று ஒரு குத்தகைக்காரரைக் கூட்டிவந்திருந்தார்கள். எங்கள் எஸ்.ஐ. அவரைப் பெண்டாட்டி முன்னால் வைத்துக் கன்னாபின்னாவென்று பேசினார். காலையில் எஸ்.ஐ.க்கு மைக்கில் விழுந்திருந்தது, அது இப்போது இந்த மனுஷன் தலையில் இறங்கியது. எங்கள் வீடுகளிலும் இப்படித்தான் அது இறங்கும், பிள்ளைகள் முதுகில். ஏட்டய்யா அந்தப் பெண்ணை வெளியே அழைத்துப்போய், பழக்கதோஷத்தில், "ஏம்மா, ஒங்க பக்கம் ஆத்துல தண்ணி வந்துருச்சா?" என்றார்.

"அந்தத் தண்ணியாலதானங்க எங்களுக்கு இந்தக் கதி," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் முகம் செத்துப்போனது. அவளைத் திண்ணையில் உட்கார வைத்தார். பிறகு உள்ளே போய் எஸ்.ஐ.யிடம், "ஐயா, பெரிய ஐயா லைன்ல வர்றாங்க போல," என்று ஒரு பொய்யைச் சொல்லி அவரை அந்த இடத்திலிருந்து கிளப்பினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் எங்களில் யாராலும் முடியவுமில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே எங்களுக்குக் குடியிருப்பு உண்டு. வாடகைப் பிடித்தம் கொஞ்சம்தான், நடந்தே வேலைக்கு வந்துவிடலாம். ஆனால் ஏட்டய்யா ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயலை ஒட்டி ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, தினமும் பாலத்தைத் தாண்டி வந்து போனார். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் பைக் சேற்றில் புதையும். எல்லோரும் கேலி செய்வோம். ஏட்டய்யா பண்ணையாராகப் போகிறார் என்போம்.

காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். மைக்கை வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும், குடியிருப்பில் சுவரோ மெலிசு. ஒரு வீட்டு மைக் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இவர் தன் வீட்டில் குமிழைத் திருப்பிவிடலாம். பக்கத்து வீட்டு மைக்கில் இவருக்கு விழுவதை எப்படித் திருப்புவது? அவருக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷத்தில் அங்கிருந்து கிளம்பிவிட்டார்.

"எம்பொண்ணுக்கு நான்னா பெரிய ஆளும்மா. ஊருல அவ அப்பாவப் பாத்து எல்லாரும் பயப்படுறாங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. யாரு வேணா என்ன வேணா திட்டிக்கட்டும். எனக்கு ஒறைக்காது. அது காதுல மட்டும் விழக்கூடாது. ரிட்டையர் ஆவுற வரைக்கும் இத மட்டும் காப்பாத்திட்டேன்னா போதும்."

அவர் வாழ்க்கையில் தனக்கென்று காப்பாற்றி வைத்திருந்தது அது ஒன்றுதான். பதவி உயர்வைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ அவர் பேசி நான் கேட்டதில்லை.

மகளுக்கு வரன் வந்தது. மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம், மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து நிச்சயதார்த்தம் வைத்தார்கள். ஏட்டய்யா முன்கூட்டியே விடுப்புக் கேட்டார், கிடைத்தது. அவர் சட்டை தைக்கக் கொடுத்ததையே ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தன நிறச் சட்டை.

நிச்சயத்தன்று காலையில் விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள். யாரோ ஒரு முக்கியப் பிரமுகர் நெடுஞ்சாலை வழியாக நாகப்பட்டினம் போகிறார், வழி நெடுக பந்தோபஸ்து. எனக்கும் அவருக்கும் ஒரே பாயிண்ட். இன்ஸ்பெக்டர் சங்கடப்பட்டார். "தட்டு மாத்துற நேரத்துக்குப் போய்ட்டு வந்துருங்க ஏட்டய்யா. பாயிண்ட்ல வேற ஆளப் போட்டுக்கறேன். மைக் மட்டும் கூடவே இருக்கட்டும். நீங்களும் கூடப் போங்கம்மா, சீக்கிரம் கூட்டிட்டு வந்துருங்க," என்றார். அந்த அனுமதி வாயால் சொன்னதுதான். எங்கள் துறையில் வாயால் கொடுக்கிற அனுமதி, கேள்வி வரும்போது யாரும் கொடுக்காத அனுமதி. தெரிந்துதான் போனோம்.

வாசலில் பந்தல், வாழை மரம், நாதஸ்வரம். சந்தன நிறச் சட்டை உள்ளே கொடியில் தொங்கியது, இவர் காக்கியிலேயே சபையில் போய் நின்றார். சம்பந்தி வீட்டாருக்கு அதுவும் ஒரு பெருமைதான் போலிருந்தது. "போலீஸ் சம்பந்தி" என்று சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். மகள் பட்டுப்புடவையில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

நாதஸ்வரச் சத்தத்தில் மைக் கேட்காமல் போய்விட்டால் என்னாவது என்று அவர் பயந்தார். வேலையில் ஊறிய பயம் அது. வாழ்நாள் முழுக்கக் குமிழைக் குறைத்துப் பழகிய அந்தக் கட்டைவிரல் அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தது. மைக்கைப் பெல்ட்டில் செருகிக்கொண்டு, தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, சம்பந்திக்கு எதிரே நின்றார். லக்னப் பத்திரிகை வாசிப்பதற்காக நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னார்கள். பந்தலில் ஒரு சத்தமில்லை. வாசித்து முடித்தார்கள். தட்டு கை மாற வேண்டிய நேரம்.

அப்போது இடுப்பில் கரகரப்பு வந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு உட்கோட்ட அதிகாரியின் குரல்.

"யோவ், ஏட்டு! எங்கய்யா இருக்க? பாயிண்ட்ல எவனோ நிக்கிறான். நீ எவன் வீட்டுப் பந்தியில உக்காந்து தின்னுட்டு இருக்க?"

அவர் கையில் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், குங்குமம், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. அதைக் கீழே வைக்க முடியாது. ஒரு கையால் பிடிக்கவும் முடியாது. கட்டைவிரல் தட்டின் விளிம்பில் துடித்ததைப் பார்த்தேன்.

"பதில் சொல்லுய்யா! வாயில என்னத்த வச்சிருக்க? சோத்துக்குச் செத்த பய…"

நான் ஓடினேன். ஆற்றைப் பற்றிக் கேட்க வேண்டியது நான்தான். அங்கே இருந்த இன்னொரு காக்கி நான்தான். எனக்கு வாய் வரவில்லை. பந்தலில் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா!" என்று மகள் குரல் கேட்டது. தலை நிமிர்ந்து, மணப்பெண் பேசக்கூடாத சத்தத்தில் கேட்டாள். "அப்பா, ஆத்துல தண்ணி வந்துருச்சாப்பா?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். 

சம்பந்திக்கு என்ன புரிந்ததோ, புரியவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. விவசாயி. யாராவது தண்ணீரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது போல. "நம்ம பக்கம் நேத்தே வந்துருச்சேம்மா! மொழங்கால் அளவு ஓடுது. நாத்து விட்டுடலாம்," என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டார். அவர் பங்காளி ஒருவர், "ஒங்களுக்கு வந்துருச்சு, எங்க வாய்க்கால தூரே வாரலயே," என்று சண்டைக்கு வந்தார். பந்தல் முழுக்கப் பேச்சு கிளம்பியது. யாரோ சொல்லி நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. நான் குமிழைத் திருப்பினேன்.

அவர் மைக்கை எடுத்து, "நோட்டட் ஐயா. இதோ வந்துட்டேன் ஐயா," என்றார். சாப்பிடாமல் கிளம்பினோம்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாலத்தில் ஏறும்போது நிறுத்தச் சொன்னார். ஆறு நிறையத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எம்பொண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்மா."

நான் வண்டியை ஓரமாகச் சாய்த்து நிறுத்தினேன்.

"குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப, பக்கத்து வீட்டுக்காரனுக்கு விழுந்தா நான் வீட்டுல இதக் கேப்பேன். அத வச்சுக் கத்துக்கிச்சு. எனக்கு விழுறப்பல்லாம் அது ஒரு மூலையில உக்காந்து வாய்ப்பாட்ட சத்தமா படிக்கும்மா. கத்திக் கத்திப் படிக்கும். நல்லா படிக்கிற புள்ளன்னு நான் பெரும பட்டுக்கிட்டேன். இப்பத்தான் வெளங்குது. அத்தன சின்னப் புள்ளையில, எனக்காகக் கத்தியிருக்கு."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நானும் அழுதேன். பிரமுகரின் கார்கள் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயிண்டில் போய் நின்றோம். அவருக்கு மெமோ வந்தது. அது பெரிய விஷயமில்லை.

அதற்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அடுத்த முறை மைக்கில் ஒரு பையனுக்கு விழுந்தபோது ரைட்டர், பாரா, டீக்கடைக்காரர் எல்லோரும் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தோம். கட்டைவிரல் அசையவில்லை. முழுத் திட்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் ஏட்டய்யா?" என்றதற்கு, "யாருக்கும் கேக்காம இருந்ததில்லம்மா. எல்லாருக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு," என்றார். சில நாள் நான் கேட்டுப் பார்த்தேன், ஆத்துல தண்ணி வந்துருச்சா என்று. எனக்கு அது எடுபடவில்லை. ஸ்டேஷனில் திட்டு மட்டும் தனியாக ஒலிக்க ஆரம்பித்தது.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விடுப்பு கிடைத்தது, சந்தன நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டார். யாரும் எதையும் நினைவுபடுத்தவில்லை. மருமகன் நல்ல பையன்.

சித்திரையில் ஒரு தேரோட்ட பந்தோபஸ்து. வடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார் என்றார்கள். கூட்டத்தில், தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வீட்டம்மாவை உறவுக்காரர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மன்னார்குடியிலிருந்து மகள் வந்திருந்தாள். அழுது முடித்த முகத்தோடு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய தொப்பியும் பெல்ட்டும் அவள் மடியில் இருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

என் கையிலிருந்த மைக் கரகரத்தது. நான் மூச்சுக்காகக் காத்திருந்தேன். மூச்சு வரவில்லை. அதே உட்கோட்ட அதிகாரியின் குரல். அதே வாய்.

"எல்லா நிலையங்களுக்கும். நமது தலைமைக் காவலர் அவர்கள் இன்று பணியின்போது இயற்கை எய்தினார் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அவர் தமது பணிக்காலம் முழுவதும்…"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தப் பெண் காதில் இந்தக் குரல் விழக்கூடாது என்று என் கட்டைவிரல் குமிழுக்குப் போனது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொறைக்காதீங்கக்கா. இருக்கட்டும். எங்கப்பாவ இன்னிக்குத்தான் 'அவர்'னு சொல்றாங்க."

நான் குமிழை முழுசாகத் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.